நியோபியமும் செங்கம்மாவின் கையும்

மாலையின் மணம் மாறாத மார்போடு மேடையின் நடுநாயகமாக வீற்றிருக்கும் நம் மாங்காய் ஊறுகாய்க் கூட்டுறவுச் சங்கத்தின் மதிப்பிற்குரிய தலைவர் முனிரத்தினம் அவர்களே! அவருக்கு வலப்பக்கத்து நாற்காலி கிடைத்ததே போதும் என்ற நிறைவோடு அமர்ந்திருக்கும் துணைத்தலைவர் நாகையா அவர்களே! என்னைச் சித்தூருக்கே வந்து அழைத்து, இப்போது நான் கையில் இரும்புத் துண்டுகளோடு நிற்பதைக் கண்டு ஏன் அழைத்தோம் என்று எண்ணத் தொடங்கியிருக்கும் செயலாளர் வேதாச்சலம் அவர்களே! வடமாலபேட்டையிலிருந்தும் புத்தூரிலிருந்தும் நகரிப் பக்கத்திலிருந்தும் மாட்டுவண்டி கட்டிவந்த விவசாயப் பெருமக்களே! கைநிறையக் காரமும் கண்நிறைய எரிச்சலுமாக இந்தக் கொட்டகையில் உழைத்து, இன்றைக்கு மட்டும் உட்கார இடம் கிடைத்திருக்கும் என் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கத்தை முதலில் வைக்கிறேன். பிறகு வைக்கப் போவதை நீங்கள் வணக்கம் என்று சொல்லமாட்டீர்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் தபீதாள். சித்தூரில் மிஷன் பெண்கள் பள்ளியில் இரசாயனம் நடத்துகிறேன். எனக்கு இங்கே கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு, தூய்மை. அழகான தலைப்பு! அருமையான தலைப்பு! ஆனால் அந்தத் தலைப்புக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்பதைச் செயலாளர் எனக்குத் தனியாகச் சொன்னார். தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்.

"டீச்சரம்மா, நாங்க ஆம்பளைங்கோ. அந்த விசயத்த மைக்குல பேசினா நல்லா இருக்காது. நீங்க பொம்பளை, படிச்சவங்கோ. தூர நாள்ல எந்தப் பொம்பளையும் ஊறுகாக் கொட்டாய்க்குள்ள வரக்கூடாதுன்னு நீங்களே பதவிசா எடுத்துச் சொல்லிட்டீங்கன்னா, தீர்மானத்த நாங்க நிறைவேத்திக்கிறோம்."

பதவிசாக! கேட்டீர்களா தாய்மார்களே? உங்களைக் குற்றவாளி என்று சொல்ல வேண்டும், அதையும் உங்களில் ஒருத்தியின் வாயாலேயே சொல்ல வேண்டும், அதையும் பதவிசாகச் சொல்ல வேண்டும்! சரி என்றேன். வருகிறேன் என்றேன். வந்துவிட்டேன். பதவிசு மட்டும் புத்தூர் பஸ் நிலையத்திலேயே இறங்கிக்கொண்டது.

சென்ற மாங்காய்ப் பருவத்தில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் தெரிந்துவைத்திருப்பதில் பாதி தப்பு. சங்கத்தார் பீங்கான் ஜாடிகளை ஒதுக்கிவிட்டு ஒரு பெரிய எவர்சில்வர் தொட்டி வாங்கினார்கள். ஆள் உள்ளே இறங்கி நின்றால் தலைமட்டும் தெரியும். அவ்வளவு பெரிய தொட்டி. கண்ணாடியாக மின்னியது. ஊரே வந்து அதில் முகம் பார்த்துப் போனது. அதில் மாங்காய்த் துண்டுகளை உப்புநீரில் ஊறப்போட்டார்கள். பாதிப் பருவத்தில் தொட்டியின் பக்கவாட்டில் பழுப்பாக ஒரு கசிவு. பிறகு இன்னொரு கசிவு. உப்புநீர் இறங்கிப்போய், மேலே கிடந்த துண்டுகளில் பூசணம் பூத்து, கீழே கிடந்தவை கருத்து, துருவாடை அடித்து, ஒரு பருவத்து மாங்காய் முழுதும் குழிதோண்டிப் புதைக்கப்பட்டது. யார் வயிறு எரியவில்லை? என் வயிறும் எரிகிறது. மாங்காய் உங்களுடையது, மரமும் மழையும் உங்களுடையது.

பிறகு விசாரணை நடந்தது. அடடா, அந்த விசாரணை!

செங்கம்மா என்ற பெண் தொட்டியில் துடுப்புப் போட்டுக் கிளறுகிறவர். அதோ, வாசல் கழியோரம் நிற்கிறாரே, அவர்தான். உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நிற்கிறார். பருவத்தின் தொடக்கத்தில் ஒருநாள் அவர் மேஸ்திரியிடம் போய், "வயிறு வலிக்குது மேஸ்திரி, இன்னிக்கு ஒரு நாள் வுட்டுடுங்கோ" என்று கேட்டிருக்கிறார். மேஸ்திரி என்ன சொன்னார்? "மாங்கா வந்து எறங்கிக்கினு கீது, உனுக்கு இன்னிக்குத்தான் வயிறு வலியா? போய்த் துடுப்பப் புடி!" அவரும் போய்ப் பிடித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தார். தொட்டி ஒழுகியபோது அதே மேஸ்திரிக்கு அதே வயிற்றுவலி நினைவுக்கு வந்தது. விடுப்புக் கேட்டபோது கொடுக்காதவர்கள், தொட்டி கெட்டபோது மட்டும், "தீட்டோட வந்து தொட்டுட்டா" என்றார்கள்!

அன்றைக்கே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அதோடு போயிற்றா? அவர் தெருவில் அவர் கையால் உப்பு வாங்க ஆளில்லை. கல்யாண வீடுகளுக்கு ஊறுகாய் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த கை அது. இப்போது அந்தக் கை வருகிறது என்றால் ஜாடியை உள்ளே எடுத்து வைக்கிறார்கள். இன்றைக்கு நீங்கள் நிறைவேற்றப் போகும் தீர்மானம் அந்தப் பழியை அச்சடித்துச் சுவரில் ஒட்டப் போகிறது. செங்கம்மாவுக்கு மட்டுமா? இங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒட்டப் போகிறது.

இன்னொன்றும் நடந்தது, அதுதான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இந்த ஊர்கள் ஆந்திராவுக்கா சென்னைக்கா என்ற எல்லைப் பேச்சு தொடங்கிய நாள் முதல் இந்தச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் தமிழ்க் கட்சி என்றும் தெலுங்குக் கட்சி என்றும் இரண்டு கட்சி. இந்தக் கிராமம் அந்தப் பக்கமா, அந்த ஏரி இந்தப் பக்கமா என்பதில் ஒத்துப்போனார்களா? இல்லை. கூட்டத்தை எந்த மொழியில் தொடங்குவது என்பதில் ஒத்துப்போனார்களா? இல்லை. காப்பியா டீயா என்பதிலாவது ஒத்துப்போனார்களா? அதிலும் இல்லை! ஆனால் தொட்டியைக் கெடுத்தது ஒரு பெண்ணின் கைதான் என்று சொன்னதும், இரண்டு கட்சியும் இமைப்பொழுதில் ஒரே கட்சி. இந்த ஒற்றுமையைக் காட்டியிருந்தால் எல்லைக் கமிஷனே தேவைப்பட்டிருக்காது!

சிரிக்காதீர்கள். சிரிக்க வேண்டிய இடம் இனிமேல்தான் வருகிறது.

அந்தத் தொட்டியில் இல்லாத ஒன்றைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டும். அதன் பெயர் நியோபியம். அது ஓர் உலோகம். அமெரிக்கக்காரர்கள் அதைக் கொலம்பியம் என்பார்கள். நூறாண்டுக்கு மேலாக அறிஞர்கள் அதன் பெயருக்காகச் சண்டை போட்டார்கள். இன்னொரு உலோகத்தோடு அதைக் குழப்பிக்கொண்டார்கள், புதியது என்றார்கள், பழையது என்றார்கள். பத்தாண்டுகளுக்கு முன்தான் உலகத்து இரசாயனிகள் கூடி நியோபியம் என்று முடிவு செய்தார்கள். வியாபாரிகள் இன்னும் கொலம்பியம் என்றே எழுதுகிறார்கள். இத்தனைக்கும் நடுவில் அந்த உலோகம் என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா? தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. மேடையில் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

பார்ப்பதற்குச் சாம்பல் நிறம். தேய்த்தால் மினுங்கும். இரும்பைவிடச் சற்றே கனம். இரும்பு உருகி ஓடும் சூட்டைத் தாண்டி இன்னும் ஏறத்தாழத் தொள்ளாயிரம் பாகை ஏறினால்தான் அது உருகும். சுத்தமாக இருந்தால் தகடாகத் தட்டலாம், கம்பியாக இழுக்கலாம். பெரும்பாலான அமிலங்களை அது சட்டைசெய்வதில்லை. குறையே இல்லாததா? இருக்கிறது. திறந்த காற்றில் வைத்துக் காய்ச்சினால் பிராணவாயுவை விழுங்கி நொறுங்கிப்போகும். நான் ஒன்றையும் மறைக்கமாட்டேன், நான் நிர்வாகக் குழுவில் இல்லை. கரிய கனமான கல்லாக அது பூமியில் கிடைக்கிறது. ஆப்பிரிக்காவில் வெள்ளீயச் சுரங்கங்களில் அள்ளுகிறார்கள். நம் நெல்லூர்ப் பக்கத்து அப்பிரகச் சுரங்கங்களிலும் கொஞ்சம் கொஞ்சம் அகப்படுவதுண்டு.

அதில் தரங்களும் உண்டு. அணுவுலைக்குள் போகும் தரத்தில் அந்நியப் பொருள் மருந்துக்கும் இருக்கக்கூடாது. பொதுவான வேலைகளுக்குச் சாதாரணத் தரம். சிர்கோனியம் என்ற உலோகத்தைக் கொஞ்சம் கலந்தால் கடும் சூட்டிலும் தளராத தரம். இரும்போடு சேர்த்தே உருக்கிக் கட்டியாக்கியது இன்னொன்று, எஃகு ஆலைகள் வாங்குவது அதைத்தான். ஜெட் விமானத்தின் எஞ்சினில் நெருப்பு சீறும் இடத்தில் அது இருக்கிறது. எஃகையே சீவும் வெட்டுக்கருவிகளில் இருக்கிறது. வெள்ளீயத்தோடு சேர்த்துக் கடுங்குளிரில் வைத்தால் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடுகிறது என்று இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

என்ன சொல்கிறார் அந்தப் பெரியவர்? "ஏரோப்ளேனுக்கும் எங்க ஊறுகாக்கும் இன்னாம்மா சம்பந்தம்?" என்கிறார். ஐயா, நல்ல கேள்வி. இந்தக் கேள்வியை நிர்வாகக் குழு கேட்டிருந்தால் உங்கள் மாங்காய் பிழைத்திருக்கும். சொல்கிறேன், கேளுங்கள்.

எவர்சில்வர் ஏன் துருப்பிடிப்பதில்லை? அதற்குள் குரோமியம் என்ற உலோகம் கலந்திருக்கிறது. துருவுக்குக் காவல் அதுதான். பார்வைக்கு ஒரே தகடாகத் தெரிகிறதே, அதை வழவழப்பாகத் தேய்த்து, அமிலத்தில் நனைத்து, உருப்பெருக்கியில் வைத்துப் பாருங்கள். உங்கள் நகரி வயல்வெளி போல இருக்கும். துண்டு துண்டாக, வரப்பு வரப்பாக. ஒவ்வொரு துண்டும் ஒரு மணி, மணிக்கும் மணிக்கும் நடுவே ஒரு வரப்பு. எஃகுக்குள் கொஞ்சம் கரியும் இருக்கும். அது சும்மா கிடக்கும்வரை தொந்தரவில்லை. ஆனால் அந்தத் தகட்டை ஐந்நூறு பாகையிலிருந்து எண்ணூறு பாகைவரை உள்ள செஞ்சூட்டில் காயவைத்தால், கரி நகர்ந்து வரப்புக்கு வருகிறது. பக்கத்தில் இருக்கும் குரோமியத்தைப் பிடித்துத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. வரப்பை ஒட்டிய இடத்தில் காவல் இல்லாமல் போகிறது. அப்புறம் உப்பும் புளிப்பும் அந்த வரப்பு வழியாகவே உள்ளே இறங்கி அரித்துக்கொண்டு போகும். வெளியே பளபளப்பு, உள்ளே பொடிப்பொடி! வயல் நடுவில் ஒன்றும் ஆகாது, கெடுவதெல்லாம் எல்லையில்தான்.

இங்கேதான் நியோபியம் வருகிறது. குரோமியத்தைவிட நியோபியத்துக்குக் கரியின்மேல் நாட்டம் அதிகம். எஃகில் உள்ள கரியைப் போலப் பத்து மடங்கு எடைக்கு நியோபியத்தைச் சேர்த்து உருக்கிவிட்டால், கரியை அது முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்ளும். சூடு வந்தாலும் கரி வரப்புக்கு ஓடாது. குரோமியம் தன் காவலிலேயே நிற்கும். சூட்டு வேலை பிறகும் நடக்கும் என்று தெரிந்த இடங்களுக்கு இந்த எஃகைத்தான் வாங்குவார்கள். சாதாரண எஃகுக்கு 304 என்று எண் என்றால், இதற்கு 347 என்று எண். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கண்ணால் வித்தியாசம் சொல்ல முடியாது.

தொட்டி செய்த சென்னைப் பட்டறைக்காரர் இரண்டிலும் ஒவ்வொரு மாதிரித் துண்டு அனுப்பியிருந்தார். "பின்னால் இதன்மேல் ஏதாவது வெல்டிங் செய்வீர்களா? செய்வதானால் 347 எடுங்கள். செய்யாவிட்டால் 304 போதும்" என்று கேட்டார். நம்மவர்கள் என்ன சொன்னார்கள்? "ஊறுகாத் தொட்டிக்கு வெல்டிங் இன்னாத்துக்கு?" என்றார்கள். நியாயமான பதில்தான்! அந்தப் பதிலோடு நிறுத்தியிருந்தால் தொட்டி பல பருவம் தாங்கியிருக்கும், பட்டறைக்காரர் மேலும் எனக்குக் குறையில்லை.

தொட்டி வந்து இறங்கியது. அதில் தலைவருக்குத் தன் முகம் தெரிந்தது. முகம் தெரிந்தால் போதுமா? பெயரும் தெரிய வேண்டாமா? முனிரத்தினம் அவர்களின் பெயரைத் தமிழில் பொறித்த பலகையைத் தொட்டியின் நெற்றியில் வைத்து, புத்தூர் வெல்டர் பாலசுந்தரம் வாயு விளக்கின் நெருப்பால் வெல்டிங் செய்தார். மறுவாரம் நாகையா அவர்கள் வந்து பார்த்தார். அவர் என்ன சொன்னார் என்று பாலசுந்தரமே எனக்குச் சொன்னார். "குதரதண்டி! முடியாது! எல்லாம் ஆந்திராவுக்குத்தான் வரப் போவுது, எங்க தெலுகுப் பலகை மேல இல்லாம எப்படி?" என்றாராம். தலைவரின் பலகையை உளியால் கொத்தி எடுத்தார்கள். தெலுங்குப் பலகையை மேலே வைத்து, தமிழ்ப் பலகையைக் கீழே வைத்து மறுபடி வெல்டிங். அப்புறம் கமிஷன் அறிக்கையில் இந்தப் பக்கம் சென்னைக்குப் போகிறது என்று ஒரு வதந்தி. கொத்து, வை, வெல்டிங்! தமிழ் மேலே ஏறியது. வதந்தி பொய் என்று ஒரு செய்தி. கொத்து, வை, வெல்டிங்! தெலுங்கு மேலே ஏறியது. கடைசியில் மேலும் வேண்டாம் கீழும் வேண்டாம், பக்கத்தில் பக்கத்தில் வைப்போம் என்று சமாதானம். உடனே வலது யாருக்கு, இடது யாருக்கு என்று ஒரு சண்டை. மறுபடியும் கொத்து, மறுபடியும் வை, மறுபடியும் வெல்டிங்!

என்னைத் தவறாக நினைக்காதீர்கள். தன் மொழியில் பள்ளிக்கூடம் வேண்டும் என்று கேட்பது உரிமை. தன் மொழியில் மனு எழுத வேண்டும் என்பது உரிமை. தமிழனும் கேட்கட்டும், தெலுங்கனும் கேட்கட்டும், நானும் கூட நின்று கேட்கிறேன். ஆனால் ஊறுகாய்த் தொட்டியின் நெற்றியில் யார் பெயர் மேலே என்பதில் எந்த மொழி வாழ்ந்தது? எந்த மாங்காய் ஊறியது? ஒவ்வொரு தடவையும் வாயு விளக்கு அந்தத் தகட்டை மெல்ல மெல்லக் காய்ச்சியது. நியோபியம் இல்லாத தகடு. தடுக்க ஆளில்லாமல் கரி வரப்புக்கு ஓடியது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டி செத்துக்கொண்டிருந்தது. நீங்கள் கைதட்டிக்கொண்டிருந்தீர்கள்.

தொட்டி எங்கே ஒழுகியது? யாராவது பார்த்தீர்களா? செங்கம்மாவின் துடுப்பு பட்ட அடியிலா? இல்லை. அவர் கை பட்ட விளிம்பிலா? இல்லை. பெயர்ப்பலகைகளின் ஓரத்திலிருந்து ஒரு விரலகலம் தள்ளி, நான்கு பக்கமும், சட்டம் போட்டது போல ஒழுகியது! தீட்டுக்கு அவ்வளவு சரியாகப் பலகை எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரிந்தது?

பின்னாலிருந்து ஒரு குரல். "நீங்க கிறிஸ்தவங்கோ, எங்க ஆசாரம் உங்களுக்கு இன்னா தெரியும்?" தெரியும் தம்பி, நன்றாகவே தெரியும். எங்கள் வீட்டில் வேதம் வாசித்து முடித்ததும் என் பெரியம்மா சொல்லும் அடுத்த வார்த்தை, "தபீதா, நீ அந்த ஜாடியண்ட போவாத" என்பதுதான். கோயில் வேறு, ஜாடி ஒன்றுதான்! நானும் பெண்தான். மாதம் முழுவதும் ஆய்வுக்கூடத்தில் நிற்கிறவள். கந்தக அமிலத்தை ஊற்றுகிறேன், மயில்துத்தத்தைக் கரைக்கிறேன். எந்தக் குப்பியும் என்னைப் பார்த்து, இன்றைக்கு என்ன நாள் என்று இதுவரை கேட்டதில்லை. கண்ணாடிக் குப்பிக்கு இருக்கும் நாகரிகம் கமிட்டிக்கு இருக்கக்கூடாதா?

தாய்மார்கள் சிலர் தலையைக் குனிந்துகொள்கிறீர்கள். இதையெல்லாம் மைக்கில் சொல்லலாமா என்று முகம் சுளிக்கும் ஐயாமார்களும் இருக்கிறீர்கள். சொல்ல வாய் கூசுகிறதா? பழி போடும்போது கூசவில்லையே! ஒரு பெண்ணின் பிழைப்பைப் பிடுங்கும்போது கூசவில்லையே! நிமிர்ந்து உட்காருங்கள் தாய்மார்களே. குனிய வேண்டிய தலைகள் கீழே இல்லை.

வாயால் சொன்னால் நம்பமாட்டீர்கள் என்பதற்காகவே இந்த இரண்டு துண்டுகளைக் கொண்டுவந்தேன். ஒன்று, பின்கட்டில் கவிழ்த்துப் போட்டிருக்கும் உங்கள் தொட்டியிலிருந்து பாலசுந்தரம் அறுத்துக் கொடுத்தது. பலகையோடு ஒட்டிய இடம். இன்னொன்று எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? செயலாளரின் மேஜையில், காகிதம் பறக்காமலிருக்க ஒரு பளபளத் துண்டு வைத்திருந்தார் அல்லவா, அதேதான்! பட்டறைக்காரர் அனுப்பிய 347 மாதிரி. உங்கள் மாங்காயைக் காப்பாற்றியிருக்க வேண்டிய எஃகு, இத்தனை நாளாக உங்கள் தீர்மானங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது! இந்தத் துண்டின்மேலும் பாலசுந்தரத்தைக் கொண்டு அதே வாயு விளக்கால், தொட்டியில் எத்தனை தடவையோ அத்தனை தடவை வெல்டிங் செய்யச் சொன்னேன். பிறகு இரண்டையும் ஒரே பாத்திரத்தில், மயில்துத்தமும் கந்தக அமிலமும் கலந்த நீரில் போட்டுக் கொதிக்க வைத்தேன். ஒரே நீர், ஒரே நெருப்பு. பாகுபாடே இல்லை.

எல்லோரும் கொஞ்சம் பேச்சை நிறுத்துங்கள். மைக்குக்குப் பக்கத்தில் பிடிக்கிறேன். இது நியோபியம் உள்ள துண்டு. சாவிக்கொத்தால் தட்டுகிறேன். கேட்டதா? ணங் என்று கணீரென்றது. இப்போது உங்கள் தொட்டியின் துண்டு. தட்டுகிறேன். கேட்டதா? கேட்கவில்லையா? இன்னொரு தடவை தட்டுகிறேன். மரக்கட்டையைத் தட்டியது போல டொக் என்கிறது. பளபளப்பு அப்படியே இருக்கிறது, குரல் மட்டும் போய்விட்டது. உள்ளே வரப்பெல்லாம் அரித்துப்போன எஃகு இப்படித்தான் பேசும்.

செங்கம்மா, வாருங்கள். வழி விடுங்கள் ஐயா, நகருங்கள். மேடைக்கு வாருங்கள். செருப்பெல்லாம் கழற்ற வேண்டாம், இங்கே எல்லோரும் செருப்போடுதான் இருக்கிறார்கள். பயப்படாதீர்கள். இந்தத் துண்டை வளையுங்கள். முழங்காலில் வைத்து நன்றாக அழுத்துங்கள். பார்த்தீர்களா? வளைகிறது. கொக்கியாகவே வளைந்துவிட்டது. ஒரு கீறல் உண்டா? முன்வரிசையில் இருப்பவர்கள் வாங்கிப் பாருங்கள், இல்லை. இப்போது இது. இதற்கு முழங்கால் வேண்டாம், கையாலேயே வளையுங்கள்.

உடைந்துவிட்டது! காய்ந்த அப்பளம் போல உடைந்துவிட்டது!

பதறாதீர்கள் அம்மா, கீழே போடாதீர்கள். "நா ஒண்ணும் பண்ல டீச்சரம்மா, சும்மாத்தான் புடிச்சேன்" என்கிறார். கேட்டீர்களா சபையோரே? உடைந்ததும் முதலில் என்ன சொல்கிறார் பாருங்கள்! ஒரு வருஷமாக இந்தப் பெண்ணுக்கு நீங்கள் கற்றுக்கொடுத்த பாடம் இதுதான்.

தலைவர் அவர்களே, உடைந்த இந்தத் துண்டைக் கொஞ்சம் பாருங்கள். இதன் முகப்பில் உங்கள் பெயரின் கடைசி எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படியே மின்னுகிறது. அதன் பின்னால்தான் தொட்டி இல்லை. நாகையா அவர்களே, நீங்கள் சிரிக்க வேண்டாம். உங்கள் பெயரின் துண்டும் பையில் இருக்கிறது. வேண்டுமானால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன், எது வலது எது இடது என்று நீங்களே சொல்லுங்கள்!

வருகிற ஏப்ரலில் எல்லை மாறுகிறது. திருத்தணி சென்னைப் பக்கம் போகும், சத்தியவேடு ஆந்திரப் பக்கம் வரும். கோடு எங்கே விழுந்தாலும் மாங்காய் காய்க்கும், உப்புக் கரிக்கும், பெண்கள் வேலைக்கு வருவார்கள். புதுத் தொட்டி வாங்குங்கள். நியோபியம் உள்ளதாக வாங்குங்கள். அதைவிட முக்கியம், அதன்மேல் யார் பெயரையும் எழுதாதீர்கள். எழுதாமல் இருக்க முடியாது என்றால் நியோபியம் உள்ளதாகவே வாங்கித் தொலையுங்கள்!

இப்போது தலைவர் அவர்கள் தீர்மானத்தைப் படிக்கலாம். படியுங்கள், காத்திருக்கிறேன். தூர நாளில் பெண்கள் வரக்கூடாது என்ற அந்தத் தீர்மானத்தை இந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துப் படியுங்கள். ஏன் மடித்துப் பைக்குள் வைக்கிறீர்கள்? சரி, பைக்குள்ளேயே இருக்கட்டும், அதற்கு ஏற்ற இடம்தான்.

செங்கம்மா ஏதோ சொல்ல வேண்டும் என்கிறார். மைக்கிடம் வாருங்கள். எனக்குப் பேச வராது என்று சொல்லாதீர்கள், பேசத் தெரிந்தவர்கள் கிழித்ததைத்தான் பார்த்தோமே. சொல்லுங்கள்.

"எனுக்கு மன்னிப்பெல்லாம் வாணாங்கோ. வேல குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி. மொத உப்பு போடுவாங்களே, அத்த இன்னிக்கு என் கையால போடச் சொல்லுங்கோ. எங்க தெருவுல இருக்கறவங்கோ எல்லாம் இங்கதான் ஒக்காந்துகினு இருக்காங்கோ. அவுங்கோ பாக்கணும்."

கேட்டீர்களா? புதுப் பருவத்து முதல் ஜாடி இதோ மேடைமேல் இருக்கிறது. முதல் மாங்காய் நறுக்கி உள்ளே போட்டாகிவிட்டது. வழக்கப்படி தலைவர் முதல் உப்பு போட்டுத் தொடங்கி வைக்க வேண்டும், துணைத்தலைவர் இரண்டாவது உப்பு. செங்கம்மா கேட்பது அந்த முதல் உப்பை. நான் கேட்கவில்லை, அவர் கேட்கிறார். இனி என் பேச்சில் ஒன்றும் இல்லை, உங்கள் கையில்தான் இருக்கிறது.

தலைவர் எழுந்திருக்கிறார். உப்புத் தட்டை எடுக்கிறார். அவரே எடுக்கிறார், ஆள் வைத்துக் கொடுக்கவில்லை. நாகையா அவர்களும் வந்து தட்டின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார். தலைவரிடம் விட்டுக்கொடுக்க மனமில்லை போலிருக்கிறது, பரவாயில்லை. இருவரும் சேர்ந்தே பிடித்துக்கொண்டு நிற்கட்டும். வாழ்க்கையில் இருவரும் சேர்ந்து ஒன்றைப் பிடித்து, அது உடையாமல் இருப்பது இதுதான் முதல் தடவை.

இவ்வளவு நேரம் கூச்சல் போட்டாலும் கல் போடாமல் கேட்ட பெருமக்களுக்கு நன்றி. தூய்மையைப் பற்றிப் பேச அழைத்த செயலாளருக்குத் தனியாக நன்றி, பேசிவிட்டேன். மைக்குச் சத்தத்தில் கண்விழித்துக் கதறிய கைக்குழந்தைகளுக்கும், அவர்களைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே கேட்ட தாய்மார்களுக்கும் நன்றி.

செங்கம்மா, போடுங்கள். கைநிறைய அள்ளிப் போடுங்கள்.

போட்டுவிட்டார். பாருங்கள், எல்லோரும் நன்றாகப் பாருங்கள். ஜாடி அப்படியே இருக்கிறது. வணக்கம்.